கண் இமைக்கும் நேரம்தான் கணக்கு... ராணுவ லேசரிடமிருந்து கண்களைக் காப்பது எப்படி?

2005 மார்ச் 4, இரவு. பாக்தாத் விமான நிலையத்தை நோக்கி ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. உள்ளே, ஒரு மாதம் கடத்தல்காரர்களின் பிடியில் இருந்து அன்றுதான் மீட்கப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனா. பக்கத்தில், அவரை மீட்டு அழைத்து வந்த உளவுத்துறை அதிகாரி நிக்கோலா காலிபாரி. விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் அமெரிக்க வீரர்கள் சாலையை மறித்து நின்றிருந்தார்கள். சுட்டார்கள். ஸ்க்ரேனாவைத் தன் உடலால் மறைத்த காலிபாரி அங்கேயே இறந்துபோனார்.

எச்சரிக்கை கொடுத்தும் கார் நிற்கவில்லை என்றது அமெரிக்கா. அப்படி எந்த எச்சரிக்கையும் தெரியவில்லை என்றது இத்தாலி. இரண்டு நட்பு நாடுகளும் இன்றுவரை இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை.

காலிபாரி ஐரோப்பியர் என்பதால் உலகத்துக்கே சேதி தெரிந்தது. அதே ஆண்டு ஜனவரியில், தல் அஃபார் என்ற ஊரில், ரோந்து வீரர்களின் எச்சரிக்கை புரியாமல் வந்த ஒரு காரில் அம்மா, அப்பா இருவரும் சுடப்பட்டு இறந்தார்கள். பின் சீட்டில் அவர்களின் பிள்ளைகள். புகைப்படக்காரர் கிறிஸ் ஹோண்ட்ரோஸ் அங்கே இருந்ததால்தான் அது வெளியே வந்தது. கேமரா இல்லாத இடங்களில் நடந்தவை எத்தனையோ.

பிரச்னை எளிமையானது. இரவு. கார் கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன. உள்ளே ரேடியோ பாடுகிறது. 100 மீட்டருக்கு அப்பால் ஒரு வீரர் கையை உயர்த்துகிறார், கத்துகிறார். டிரைவருக்கு எதுவும் தெரியாது. எச்சரிக்கையாக வானத்தை நோக்கிச் சுட்டால், எங்கேயோ துப்பாக்கிச் சண்டை என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்துவார். வீரருக்கோ, வருவது குடும்பமா, வெடிகுண்டு காரா என்று தெரியாது.

அதற்கு விடையாக வந்ததுதான் டாஸ்லர். துப்பாக்கியில் மாட்டிக்கொள்ளும் பச்சை லேசர் விளக்கு. டிரைவரின் முகத்தில் அடித்தால் கண் கூசும், வேகத்தைக் குறைப்பார், நின்றுவிடுவார். குண்டுக்குப் பதில் ஒளி. 2006-ல் அமெரிக்க ராணுவம் இராக் செக்போஸ்ட்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த ஒளியே கண்ணைப் பறித்துவிட்டால்?

மூன்றரை நொடி

மேற்கு இராக்கில் இருந்த மரைன் படையினர் 2005-லேயே இந்தக் கருவியை அவசரமாகக் கேட்டிருந்தார்கள். உடனே கிடைக்கவில்லை. அமெரிக்கக் கடற்படையில் லேசர் பாதுகாப்பை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. எந்த லேசரும் அதன் ஒப்புதல் இல்லாமல் வீரர்கள் கைக்குப் போக முடியாது. மரைன்கள் கேட்ட மாடல் கண்ணுக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்வியில் கோப்பு நின்றது. கடைசியில் 2007-ல் வேறொரு மாடல்தான் ஒப்புதலாகி வந்தது. இந்தத் தாமதத்தால் அப்பாவிகள் செக்போஸ்ட்களில் இறந்தார்கள் என்று மரைன் படையின் அறிவியல் ஆலோசகர் ஃபிரான்ஸ் கெய்ல் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். 

குண்டைவிட லேசர் மேல்தானே, இதில் என்ன ஆராய்ச்சி என்று நமக்கும் தோன்றும். ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 2009-ல் அமெரிக்க ஊடகங்களில் ஒரு செய்தி வந்தது. இராக்குக்குப் புதிதாகப் போன ஒரே படைப்பிரிவில் மட்டும், சக வீரர்களின் பச்சை லேசர் பட்டு, பத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள். சிலரை நாட்டுக்கு வெளியே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எதிரி யாரும் இல்லை, எல்லாம் நம் ஆட்கள் கையில் இருந்த விளக்குதான்.

கோப்பை நிறுத்தி வைத்தவர்கள் பயந்ததும் வீண் இல்லை, வேகமாகக் கேட்டவர்கள் பதறியதும் வீண் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். ஒரு டாஸ்லரின் சக்தி 250 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒளி, தூரம் போகப் போக மெல்ல விரியும். 100 மீட்டரில் 30 சென்டிமீட்டர் அகலம். இதற்கு சர்வதேச விதிகளின்படி கணக்குப் போட்டால், சுமார் 38 மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்குக் கண் கூசும், காயம் ஆகாது. 38 மீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் விழித்திரை சுடுபடும் வாய்ப்பு தொடங்குகிறது.

இப்போது காரை ஓட்டுங்கள். 60 கிலோமீட்டர் வேகம். 100 மீட்டரில் வீரர் லேசரை அடிக்கிறார். கார் 38 மீட்டர் கோட்டைத் தொட நான்கு நொடிகூட ஆகாது. அந்த மூன்றரை நொடிச் சொச்சத்தில் டிரைவர் திகைக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், பிரேக் போட வேண்டும். வீரரோ சரியான நேரத்தில் விரலை எடுக்க வேண்டும். கார் நிற்காமல் வர வர, பயத்தில் விரலை எடுக்காமல் இன்னும் அழுத்துவதுதானே மனித இயல்பு?

கண்ணுக்குள் இருக்கும் பூதக்கண்ணாடி

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டிக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள். நம் கண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது. இருட்டில் கண்பாவை சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். அதன் வழியே நுழையும் லேசர் ஒளியை, கருவிழியும் லென்ஸும் சேர்ந்து விழித்திரையில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியாகக் குவிக்கின்றன. பரப்பளவில் பார்த்தால் லட்சம் மடங்குக்கு மேல் செறிவு. கன்னத்தில் பட்டால் உறைக்கவே உறைக்காத ஒளி, கண்ணுக்குள் சூட்டுக்கோல் ஆவது இப்படித்தான்.

எங்கே படுகிறது என்பதும் முக்கியம். விழித்திரையின் ஓரத்தில் பட்டால், ஒரு சிறு கறுப்புப் புள்ளி விழும். பலருக்கு அது தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் ஒளி வரும் திசையை நேராகப் பார்த்தால், மையக்குழி என்ற நடுப்புள்ளியில் படும். எழுத்து படிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அந்தக் குழியின் வேலை. அது பொசுங்கினால், சுற்றிலும் எல்லாம் தெரியும், பார்க்க நினைப்பது மட்டும் தெரியாது. எதிரே இருப்பவரின் காது தெரியும், முகம் தெரியாது.

இதில் வலி இருக்காது என்பது இன்னொரு கொடுமை. விழித்திரைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. சக்திவாய்ந்த துடிப்பு லேசர் பட்டவர்கள் பலர் கண்ணுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மிதக்கும் ரத்தத் திட்டுகள், மங்கல். இதற்கென்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்குத் தானாகவே ஓரளவு தெளியும். சிலருக்கு மாக்குலாவில் ஓட்டையாகவோ தழும்பாகவோ நின்றுவிடும்.

கால் நொடிக் கணக்கு

நம்மிடம் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பளிச்சென்று ஏதாவது பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், முகம் திரும்பிவிடும். லேசர் விதிகளை எழுதியவர்கள் அதற்கு ஆகும் நேரத்தைக் கால் நொடி என்று எடுத்துக்கொண்டார்கள். கண் இமைக்கும் நேரத்தை ஓர் அளவாக வைப்பது நமக்குப் புதிதில்லை. எழுத்துகள் ஒலிக்கும் கால அளவான மாத்திரையைத் தொல்காப்பியம் அப்படித்தான் வரையறுத்தது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து, லேசர் இன்ஜினீயர்களும் அதே இமையிடம் வந்து நிற்கிறார்கள்.

மேலே போட்ட 38 மீட்டர் கணக்கும் இந்தக் கால் நொடியை நம்பிப் போட்டதுதான். டிரைவர் என்னவென்று புரியாமல் ஒளியையே 10 நொடி வெறித்துப் பார்த்தால், அதே லேசரின் ஆபத்து தூரம் 60 மீட்டரைத் தொடும். லேசரை யாரும் மாற்றவில்லை. மனிதர் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தூரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி என்.ஓ.ஹெச்.டி என்பார்கள். தமிழில் கண் ஆபத்துத் தூரம் என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க மூன்று விஷயம் போதும்: லேசரின் சக்தி, ஒளி எவ்வளவு விரிகிறது, கண் அதிகபட்சம் எவ்வளவு தாங்கலாம் என்ற அனுமதி அளவு. அந்த அனுமதி அளவும் சும்மா வந்ததில்லை. விலங்குகளின் கண்களில் பல பத்தாண்டுகள் நடந்த சோதனைகளில், பாதிக்குப் பாதி காயம் ஏற்பட்ட அளவைக் கண்டுபிடித்து, பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் கோடு போட்டிருக்கிறார்கள்.

வீட்டுப் பிள்ளைகள் கையில் இருக்கும் பாயின்டருக்கும் இதே கணக்குதான். 5 மில்லிவாட் பச்சை பாயின்டருக்கு ஆபத்துத் தூரம் சுமார் 16 மீட்டர். ஆனால் இரவில் தரையிறங்கும் விமானியின் கவனத்தைச் சிதறடிக்க, அதே பாயின்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் வரை சக்தி உண்டு. சென்னையில் தரையிறங்க வந்த விமானம் மீது லேசர் அடிக்கப்பட்டதாக 2025-ல் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். போலீஸ் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மலிவான பச்சை பாயின்டர்கள் சிலவற்றில், உள்ளே இருக்க வேண்டிய ஃபில்டரே இருக்காது. அப்படி ஒன்றை அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரசு அளவீட்டு ஆய்வகம் 2010-ல் சோதித்தபோது, பச்சையைவிட அதிகமாக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதிலிருந்து வந்தது. லேபிளில் எழுதியிருப்பதை நம்பிக் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம்.

தெரியாத ஒளிதான் பெரிய வில்லன்

டாஸ்லர் பச்சையாகத் தெரியும். அதனால்தான் அதைப் பற்றிப் பேசுகிறோம். ராணுவத்தின் வலிமையான லேசர்களில் பல, கண்ணுக்குத் தெரியாதவை. பீரங்கி வண்டியிலிருந்து இலக்கின் தூரத்தை அளப்பது, விமானத்திலிருந்து லேசர் குண்டுக்கு வழி காட்டுவது போன்ற வேலைகளுக்குப் பல காலமாகப் பயன்படுவது 1,064 நானோமீட்டர் அலைநீள ஒளி. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதையும் அப்படியே குவித்து விழித்திரைக்கு அனுப்பிவிடும். தெரியாததால் இமை மூடாது. மூடினாலும் பயன் இல்லை. அந்த லேசர் துடிப்பு ஒவ்வொன்றும் நொடியில் சில கோடியில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். இமை மூடுவதற்குள் அதுபோல ஒரு கோடி துடிப்புகளை வரிசையாக அடுக்கிவிடலாம்.

இதன் ஆபத்துத் தூரத்தையும் போட்டுப் பார்க்கலாம். துடிப்புக்கு 100 மில்லிஜூல் ஆற்றல், ஒரு கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் மட்டுமே விரியும் ஒளி என்றால், ஒரே ஒரு துடிப்புக்கே 5 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தத் தூரத்தில் ஒளி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். அப்படியும் ஆபத்து. அங்கே ஒருவர் பைனாகுலரோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் கதையே வேறு. சாதாரண 50 மில்லிமீட்டர் பைனாகுலர், வெறும் கண்ணைவிடச் சுமார் 50 மடங்கு ஒளியை அள்ளிக் கண்ணுக்குள் கொட்டும். காகிதக் கணக்கில் 5 கிலோமீட்டர் 35 ஆகிவிடும். காற்றில் இருக்கும் தூசியும் ஈரமும் அதைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அதே காற்று கெடுதலும் செய்யும். கோடை வெயிலில் தார்ச்சாலை மேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அந்த நெளிவு லேசரையும் உடைத்து, அங்கங்கே சராசரியைவிடப் பல மடங்கு பிரகாசமான திட்டுகளாக்கும்.

இதற்கு ஒரு நல்ல தீர்வும் கண்டுபிடிக்கப்பட்டது. அலைநீளத்தை 1,500 நானோமீட்டருக்கு மேல் மாற்றினால், கண்ணின் முன்பகுதியில் இருக்கும் நீரே ஒளியை உறிஞ்சிவிடும். விழித்திரை வரை போகாது. அனுமதி அளவு லட்சம் மடங்குக்கு மேல் கூடிவிடும். தூரம் அளக்கும் புதிய கருவிகள் பெரும்பாலும் இதற்கு மாறிவிட்டன. பிறகு ஏன் பழைய ஒளியை முழுதாகத் தூக்கிப் போடவில்லை? லேசர் குண்டுகளின் 'கண்கள்' அந்த 1,064-க்காகவே செய்யப்பட்டவை. போரில் அது வேண்டும். அதனால் போர் விமானங்களின் சில லேசர் கருவிகளில் இரண்டு லேசரும் இருக்கும். பயிற்சிக்குக் கண்ணைக் கெடுக்காத ஒளி, சண்டைக்கு மற்றது. சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் கீழே இருப்பவர்களின் கண் இருக்கிறது.

மைதானத்தில் ஒரு நாள்

திறந்தவெளியில் ராணுவம் லேசர் பயிற்சி நடத்துவதற்கு முன், லேசர் பாதுகாப்பு அதிகாரி அந்த இடத்தை வந்து பார்ப்பார். அவர் பார்க்கும் விஷயங்கள் ஒரு கிராமத்துப் பெரியவர் காட்டைப் பார்ப்பதுபோல இருக்கும். முதலில், இலக்குக்குப் பின்னால் மலையோ மேடோ இருக்கிறதா? இருந்தால் லேசர் அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போகும். வானத்தை நோக்கி அடிப்பதாக இருந்தால் விமானங்களைப் பார்க்க வேண்டும். சக்தி மிகுந்த லேசர் என்றால் அமெரிக்காவில் செயற்கைக்கோள்களைக்கூடக் கணக்கில் எடுத்து, எந்த நிமிடத்தில் அடிக்கலாம் என்று நேரம் வாங்க வேண்டும்.

அடுத்து, கண்ணாடி. இலக்காக வைக்கப்படும் பழைய லாரியில் ஒரு ஜன்னல் கண்ணாடி மிச்சம் இருந்தாலும் அது லேசரை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் இலக்கில் இருக்கும் கண்ணாடி, ஹெட்லைட், பின்பார்வைக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றுவார்கள் அல்லது மூடுவார்கள். வளைந்த பளபளப்புப் பொருள்களில் ஒளி சிதறிப்போகும் என்பதால் பயம் குறைவு. தட்டையானதுதான் தொல்லை. மழை பெய்து குட்டை தேங்கியிருந்தால்? அசையாத தண்ணீரும் கண்ணாடிதான். நேற்றுப் பார்த்துச் சரி என்று எழுதிக்கொடுத்த மைதானம், ராத்திரி மழைக்குப் பிறகு வேறு மைதானம் ஆகிவிடுகிறது.

பிறகு, கை நடுக்கம். மூன்று கால் ஸ்டாண்டில் வைத்த லேசருக்கு இலக்கைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி குறைவு. கையில் பிடித்து அடிப்பவருக்கு அதைவிட நிறைய. தூரம் கூடக் கூட, துளி நடுக்கமும் பெரிதாகும். ஒரு மில்லிரேடியன் என்ற கடுகளவு கோணம், 4 கிலோமீட்டரில் 4 மீட்டர் விலகல்.

இலக்குப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பார்கள். அதிலும் ஒரு சங்கடம். ஓர் அலைநீளத்துக்கான கண்ணாடி இன்னொன்றைத் தடுக்காது. பச்சையைத் தடுக்கும் கண்ணாடி போட்ட விமானிக்கு, காக்பிட்டில் இருக்கும் பச்சைத் திரைகள் சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும் தடுத்தால் எதுவுமே தெரியாது.

லட்சத்தில் ஒன்று என்றால் போதுமா?

பாலைவனம் இருக்கும் நாடுகளுக்கு இது சுலபம். 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் காலி நிலத்தை வேலி போட்டுவிடலாம். பிரிட்டன் போன்ற சின்ன நாட்டில் அது முடியாது. பயிற்சி மைதானத்தின் ஓரத்திலேயே ஊர், சாலை, நடைபாதை. லேசரின் ஆபத்துத் தூரமோ வேலியைத் தாண்டிப் போகிறது. அதற்காக அங்கே கையாளும் முறை, நிகழ்தகவு.

அதாவது, லேசர் வேலிக்கு வெளியே போக முடியுமா என்று மட்டும் கேட்பதில்லை. கருவி இலக்கிலிருந்து விலகும் வாய்ப்பு எவ்வளவு? விலகினால், அந்த இடத்தில் ஆள் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இருந்தால், அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும் வாய்ப்பு? அவர் பைனாகுலர் வைத்திருக்கும் வாய்ப்பு? கடைசியாக, அந்தத் தூரத்தில் அந்த ஒளி உண்மையில் காயம் உண்டாக்கும் வாய்ப்பு? எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு மிகச் சிறிய எண் வரும். அது ஏற்றுக்கொண்ட வரம்புக்குள் இருந்தால் பயிற்சிக்கு அனுமதி.

கணக்காக இது நேர்மையானது. கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் பத்திரம் என்று சொல்வதைவிட உண்மைக்கு நெருக்கமானதும்கூட. ஏனென்றால் அனுமதி அளவை ஒருவர் கொஞ்சம் தாண்டினால் உடனே பார்வை போவதில்லை. ஆனால் இந்தப் பெருக்கல் நிற்பது, உள்ளே போடும் எண்களின் மேல். விடுமுறை நாளில் அந்த மலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள், அதில் எத்தனை பேர் பறவை பார்க்கப் பைனாகுலரோடு வருகிறார்கள் என்பதை யாராவது போய் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாமல் மேஜையில் உட்கார்ந்து போட்ட எண் என்றால், விடை எத்தனை பூஜ்ஜியத்தோடு வந்தாலும் பயன் இல்லை.

இராக்கின் செக்போஸ்ட்டுக்கு வந்தால் இந்த முறையும் தடுமாறுகிறது. அங்கே லேசரின் நோக்கமே ஒருவரின் கண்ணில் அடிப்பதுதான். இலக்கு, கண்தான். தப்பித் தவறிப் படும் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருப்பது தூரம் ஒன்றுதான். அதனால் அடுத்த தலைமுறை டாஸ்லர்களில் தூரம் அளக்கும் கருவியையும் உள்ளே வைத்தார்கள். ஆபத்துத் தூரத்துக்குள் ஏதாவது வந்துவிட்டால், வீரர் விரலை எடுக்காவிட்டாலும் விளக்கு தானாக அணைந்துவிடும். 2005-க்கும் 2009-க்கும் நடுவே பட்ட காயங்கள் இல்லாமல் இந்த அக்கறை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

6/60 என்ற கோடு

லேசரால் கண்ணைப் பறிப்பதற்கு உலக அளவில் தடை இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கம் பல ஆண்டுகள் முயன்றதன் பலனாக, 1995 அக்டோபர் 13 அன்று வியன்னாவில் ஒரு நெறிமுறை ஏற்கப்பட்டது. 1998 ஜூலை 30-ல் நடைமுறைக்கு வந்தது. நிரந்தரமாகக் கண்ணைக் குருடாக்குவதற்கென்றே வடிவமைத்த லேசர் ஆயுதங்களைப் பயன்படுத்தக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. ஓர் ஆயுதம் போர்க்களத்துக்கு வருவதற்கு முன்பே தடை செய்யப்பட்டது அபூர்வம். இந்தியாவும் இதை ஏற்ற நாடுகளில் ஒன்று. இங்கேயும் டாஸ்லர் புதிதில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கான கருவிகளை டிஆர்டிஓ-வின் டெல்லி லேசர் ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது.

ஆனால் நெறிமுறையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஓட்டைகள் தெரியும். தற்காலிகமாகக் கண் கூச வைப்பதற்குத் தடை இல்லை. 2023 பிப்ரவரியில் தென் சீனக் கடலில், சீனக் கடலோரக் காவல் கப்பல் ஒன்று பச்சை லேசர் அடித்ததில் தங்கள் மாலுமிகளுக்குச் சிறிது நேரம் கண் தெரியவில்லை என்று பிலிப்பைன்ஸ் புகார் சொன்னது. தூரத்தையும் வேகத்தையும் அளக்கத்தான் லேசரைப் பயன்படுத்தினோம் என்றது சீனா. அவர்கள் வாதம் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. வேறு வேலைக்கான லேசர் தற்செயலாகக் கண்ணைக் கெடுத்தால் அதுவும் தடைக்குள் வராது. நாடுகள் முடிந்தவரை முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், வீரர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதோடு நிற்கிறது. வெறும் கண்ணும், மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணும்தான் கணக்கு. பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தவர் கணக்கில் இல்லை.

நிரந்தரக் குருடு என்றால் என்ன என்பதற்கும் அதில் ஓர் அளவு இருக்கிறது. கண் டாக்டரிடம் போனால் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகை தெரியும்தானே? நல்ல கண் 60 மீட்டரிலிருந்து படிக்கும் மேல்வரிசைப் பெரிய எழுத்தை, 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பது 6/60. பார்வை அதைவிட மோசமாக இருக்க வேண்டும், திரும்ப வரும் வாய்ப்பும் இருக்கக் கூடாது. அதையும் இரண்டு கண்களையும் திறந்து வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இராக்கில் சக வீரரின் விளக்கு பட்டு ஒரு கண்ணை இழந்தவருக்கு இன்னொரு கண் நன்றாக இருந்தால், இந்த அளவின்படி அவர் குருடர் இல்லை.